கடை அடைக்கும் நேரம்: ஹைதராபாத்தின் மதுவிதிகளும் இரவின் விலையும்

ஹைதராபாத் மாநகரில் மதுக்கூடங்கள் வார நாள்களில் நள்ளிரவு 12 மணிக்கும், வார இறுதி இரவுகளில் 1 மணிக்கும் பரிமாறுதலை நிறுத்த வேண்டும். சில்லறை மதுக்கடைகளுக்கு இரவு 11 மணி எல்லை. தனி உரிமம் பெற்ற நட்சத்திர விடுதிகளுக்கு எல்லையே இல்லை. அங்கே 24 மணி நேரமும் மது கிடைக்கும். ஒரே நகரம், ஒரே சட்டம், மூன்று கடிகாரங்கள். இந்த வேறுபாட்டைப் பண்பாட்டுக்கும் தனிமனித உரிமைக்கும் இடையிலான பூசலாகவே பொதுவிவாதம் நெடுங்காலமாகப் பேசிவருகிறது. ஆவணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. மூடும் நேரம் என்பது அரசு தன் கருவூலத்துக்கும் குடிமக்களின் உறக்கத்துக்கும் இடையே அவ்வப்போது எழுதிக்கொண்ட ஒப்பந்தம். அவ்வொப்பந்தத்தில் யாருடைய இரவு எண்ணப்பட்டது, யாருடையது எண்ணப்படவில்லை என்பதே ஆராயத்தக்க வினா.

தொடக்கச் சான்று 17ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. குதுப் ஷாஹி ஆட்சியில் கோல்கொண்டாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு வைர வணிகர் ழான் பத்தீஸ்த் தவெர்னியே தம் பயணநூலில் ஹைதராபாத்தின் மாலைப்பொழுதை விவரிக்கிறார். பொதுமகளிர் பல்லாயிரவர் அதிகாரியின் பதிவேட்டில் பெயர் பதிந்திருந்தனர். இருட்டியதும் அவர்கள் வாயிலில் விளக்கேற்றி வைப்பர்; அவ்வேளையில்தான் கள்ளுக்கடைகளும் திறக்கும். நகருக்கு வெளியே பல கல் தொலைவிலிருந்து தோற்பைகளில், நூற்றுக்கணக்கான குதிரைகள்மேல், நாள்தோறும் கள் வந்திறங்கியது. அதன்மீதான வரி அரசருக்குக் கணிசமான வருவாயைத் தந்தது. இத்தனை மகளிரை நகரில் அனுமதித்ததற்கு முதன்மைக் காரணமும் அவ்வருவாயே என்று தவெர்னியே முடிக்கிறார். அயல்நாட்டுப் பயணியின் எண்ணிக்கைகளையும் ஒழுக்கத் தீர்ப்புகளையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். ஆயினும் இரவு, மது, பதிவேடு, வரி ஆகிய நான்கையும் அவர் ஒரே பத்தியில் பிணைத்திருப்பது கருதத்தக்கது. பிற்காலச் சட்டங்கள் இந்த நான்கையும் வைத்தே எழுதப்பட்டன.

கள் நாள்தோறும் வந்திறங்க வேண்டியிருந்ததற்குக் காரணம் அதன் இயல்பிலேயே உள்ளது. பாளையிலிருந்து சொட்டத் தொடங்கியதும் அது புளிக்கத் தொடங்குகிறது. விடியலில் இனிப்பு, நண்பகலில் மயக்கம், மறுநாள் காடி. தக்காணத்தின் பனையும் ஈச்சமரமும் தருகிற கள்ளைப் பதுக்கவும் முடியாது, நெடுந்தொலைவு கொண்டுசெல்லவும் முடியாது. எனவே அதன் வாணிகத்தை மரமே பெரிதும் நெறிப்படுத்திற்று. அரசுக்கு மரத்தை எண்ணி வரி விதித்தால் போதும். காய்ச்சி வடித்த சாராயம் அத்தகையது அன்று. அது கெடுவதில்லை, எந்நேரமும் விற்கலாம், எங்கும் அனுப்பலாம். மரம் விதித்த வரம்பு மறைந்த இடத்தில்தான் சட்டம் இடத்தையும் அளவையும் நேரத்தையும் வரையறுக்க வேண்டியதாயிற்று.

இம்மாற்றத்தின் தடயங்களைச் சொற்கள் பாதுகாத்து வைத்திருக்கின்றன. ‘ஆப்காரி’ பாரசீகச் சொல். ‘ஆப்’ என்பது நீர், ‘கார்’ என்பது தொழில். மது வடித்தலையும் விற்றலையும் குறித்த அச்சொல், காலப்போக்கில் அதன்மீதான வரியையும் அவ்வரியைத் தண்டும் துறையையும் குறிப்பதாயிற்று. தெலுங்கில் அத்துறையின் பெயரில் ‘ஆப்காரி’ இன்றும் வாழ்கிறது. தமிழர் நாள்தோறும் வழங்கும் ‘கலால்’ இன்னும் நுட்பமானது. வடபுலத்தில் மது வடித்து விற்ற சமூகத்தின் பெயரான ‘கலால்’, உருது வழியே வருவாய்த்துறை மொழிக்குள் நுழைந்து வரியின் பெயராயிற்று. தெலங்கானாவில் கள்ளிறக்கும் கௌடு சமூகத்துக்கு வழங்கும் மாற்றுப்பெயர்களில் ‘கலாலி’யும் ஒன்று. ஒரு சாதியின் தொழிற்பெயர் அரசின் வருவாய்த் தலைப்பாக மாறியிருக்கிறது. தொழில் செய்தவர் மறைந்து வரி மட்டும் எஞ்சியதை இச்சொல்லின் வரலாறே காட்டுகிறது.

1853ல் திவானான முதலாம் சாலார் ஜங் நிலவரி வசூலைக் குத்தகைதாரரிடமிருந்து மீட்டுச் சம்பளம் பெறும் அலுவலரிடம் ஒப்படைத்தார். மதுவருவாயில் குத்தகைமுறை அதற்குப் பின்னும் நீடித்தது. ஏலம் எடுத்தவர் முன்பணம் கட்டிவிட்டால், எவ்வளவு விற்கிறாரோ அவ்வளவும் அவர் ஆதாயம். நேரத்தைக் குறைப்பது குத்தகைதாரருக்கு இழப்பு. அடுத்த ஏலத்தில் அது அரசுக்கும் இழப்பு. இந்த எளிய கணக்கே, ஒழுக்கம் பேசிய அறிக்கைகளுக்கும் நடைமுறைக்கும் இடையிலான இடைவெளியை விளக்குகிறது.

நிஜாம் அரசின் ஹைதராபாத் ஆப்காரிச் சட்டம் 1316ஆம் பசலியில், அதாவது 1906–07ல் வந்தது. தமிழ்நாட்டு வருவாய் ஆவணங்களைப் படித்தவர்க்குப் ‘பசலி’ புதிதன்று; அறுவடையை ஒட்டிக் கணக்கிடப்படும் வருவாய் ஆண்டு அது. மதுச் சட்டம் அக்காலக் கணக்கில் பெயர் பெற்றிருப்பது பொருத்தமே. 1348ஆம் பசலியில் வந்த ஹைதராபாத் நகரக் காவல் சட்டம் பொதுக்கேளிக்கை இடங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் ஆணையரிடம் தந்தது. அச்சட்டம் இன்றளவும் நடப்பில் உள்ளது. இவ்வாறு இரவுக்கு இரண்டு காவலர் அமைந்தனர். ஒருவர் வருவாயை நோக்கினார், மற்றவர் அமைதியை. ஆந்திரப் பகுதியின் சென்னை ஆப்காரிச் சட்டத்தையும் (1886) தெலங்கானாப் பகுதியின் நிஜாம் காலச் சட்டத்தையும் நீக்கி, 1968ல் ஆந்திரப் பிரதேச ஆயத்தீர்வைச் சட்டம் ஒன்றாக இயற்றப்பட்டது. இருவர் காவல் என்னும் அமைப்பு மாறவில்லை.

மூடும் நேரத்தை அரசு கருவியாகக் கையாண்ட பிற நாடுகளின் பட்டறிவு இங்கே ஒப்பிடத்தக்கது. முதல் உலகப்போரின்போது பிரிட்டன் படைக்கலத் தொழிலாளரின் உழைப்பைக் காக்க மதுக்கூட நேரத்தைச் சுருக்கிற்று. போர் 1918ல் முடிந்தது, பிற்பகல் மூடல் 1988 வரை நீடித்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1916ல் மாலை 6 மணி மூடலைக் கொண்டுவந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் எஞ்சிய ஒரு மணி நேரத்துக்குள் அவசர அவசரமாகக் குடித்துத் தீர்த்தனர். 1955ல் அவ்விதி கைவிடப்பட்டது. நேரத்தைக் குறைத்தால் குடி குறையும் என்பது எப்போதும் மெய்யாவதில்லை; குடிக்கும் விதமும் இடமும் மாறுவதுண்டு. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ‘பெல்ட் ஷாப்’ என்றழைக்கப்படும், உரிமமின்றி ஊருக்குள் மதுவை மறுவிற்பனை செய்யும் கடைகள் அத்தகைய நிழல். உரிமக் கடை அடைத்த பின்னும் அவற்றின் கதவு தட்டினால் திறக்கும்.

இவ்வரலாற்றில் நேரத்தைப் பற்றிப் பேசாமலே நேரச் சிக்கலின் வேரைத் தொட்டவர்கள் நெல்லூர் மாவட்டத்து உழைக்கும் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்க வகுப்புகளிலிருந்து கிளர்ந்து, தூபகுண்டா சிற்றூரின் பெயரால் அறியப்படும் சாராய எதிர்ப்புப் போராட்டம் 1992ல் பேரியக்கமாயிற்று. சாராயக் கடையை முன்னதாக அடைக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. கடைகளை மறித்ததோடு, சாராய ஏலம் நடக்கவிடாமலும் தடுத்தார்கள். கடையின் சாவி எந்த நேரத்தில் திரும்புகிறது என்பதை ஏலமே முடிவு செய்கிறது என்ற அறிவு அச்செயலில் இருந்தது. 1993ல் ஆந்திரப் பிரதேசம் சாராயத்தைத் தடை செய்தது. 1995 சனவரியில் என்.டி. ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொணர்ந்தது. 1997ல் சந்திரபாபு நாயுடு அரசு அதைத் தளர்த்தியது. சாராயத் தடை மட்டும் எஞ்சிற்று. ஏழையரின் மலிவான மது விலக்கப்பட்டதாகவே இருக்க, விலை மிகுந்த மது திரும்பி வந்தது.

திரும்பி வந்த மதுவுக்குப் புதிய நகரம் காத்திருந்தது. 1998ல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. அமெரிக்கக் கடிகாரத்தை ஒட்டி வேலை செய்யும் தலைமுறை ஒன்று உருவாயிற்று. அதன் மாலைப்பொழுது நள்ளிரவில் தொடங்கக்கூடும். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ், கச்சிபௌலி ஆகிய பகுதிகளில் பப்கள் பெருகின. அதே காலத்தில், 2004ல், மாநகரின் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. தெலுங்கில் ‘கல்லு காம்பவுண்டு’ எனப்படும், கட்டடத் தொழிலாளரும் சுமைதூக்குவோரும் கூடிய அவ்விடங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இல்லாமற்போயின.

2014 சூனில் தெலங்கானா மாநிலம் உருவானபின் இரண்டு முடிவுகள் அடுத்தடுத்து வந்தன: நகரின் கள்ளுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன, மதுக்கூடங்களுக்கு வார இறுதியில் 1 மணி வரை நேரம் நீட்டிக்கப்பட்டது. முன்னது கௌடு சமூகத்தின் வாழ்வாதாரம் என்ற பெயரிலும், பின்னது உலகத்தர நகரம் என்ற பெயரிலும் நியாயப்படுத்தப்பட்டன. அவற்றின் பின்வரலாறு ஒருபடித்தாக இல்லை. நகரைச் சுற்றிய மரங்கள் கட்டடங்களுக்கு வழிவிட்ட பின், நகரத் தேவைக்கேற்ற கள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை காணப்படவில்லை. இறக்க மரமில்லாத இடத்தில் கலப்படம் நுழைகிறது. 2025 சூலையில் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் அருந்திய பலர் நோயுற்றனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. பப்களின் நேரத்தைப் பற்றி எழுதப்பட்ட மையில் சிறு பங்கேனும் கள்ளின் தரத்தைப் பற்றி எழுதப்பட்டதா என்பது ஐயத்துக்குரியது.

நட்சத்திர விடுதிகளின் 24 மணி நேர உரிமத்தில் இவ்வரலாறு தன் தெளிவான வடிவத்தை எட்டுகிறது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் பஞ்சாரா ஹில்ஸ் விடுதியொன்றின் பப்பில் காவல்துறை விடியற்காலையில் சோதனையிட்டுப் போதைப்பொருளைக் கைப்பற்றியபோதுதான், அத்தகைய உரிமம் ஒன்று இருப்பதையே பலர் அறிந்தனர். சட்டநோக்கில் அதில் முரண் ஏதுமில்லை. மது வாணிகம் குடிமகனின் அடிப்படை உரிமையன்று, அரசின் தனியுரிமை. உரிமக் கட்டணம் என்பது அத்தனியுரிமையை அரசு பிறருக்குக் கொடுப்பதற்குப் பெறும் விலை என உச்ச நீதிமன்றம் ஹர் சங்கர் வழக்கில் 1975லேயே விளக்கியுள்ளது. இடத்தை விற்கலாம் என்றால் நேரத்தையும் விற்கலாம். 2023ல் தெலங்கானாவின் 2,620 மதுக்கடைகளுக்கு 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. திருப்பித் தரப்படாத 2 லட்சம் ரூபாய் விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 2,600 கோடியைத் தாண்டியது. ஒரு புட்டி விற்பதற்கு முன்பே, குலுக்கலில் பங்குகொள்ளும் வாய்ப்பு மட்டும் இத்தொகைக்கு விற்றிருக்கிறது.

விற்கப்பட்ட அந்த நேரம் ஆளில்லாத வெளியில் கழிவதில்லை. அதே தெருவில் உறங்க முயல்வோரும் உள்ளனர். ஜூபிலி ஹில்ஸ் குடியிருப்பாளர்களின் முறையீட்டில் 2022 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம், பப்களில் இரவு 10 மணிக்குமேல் இசை கூடாது என இடைக்கால ஆணையிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அமர்வு ஒன்று அத்தடையை ஜூபிலி ஹில்ஸின் குறிப்பிட்ட சில பப்களுக்கு மட்டும் எனக் குறுக்கியது. ஆணையின் அடிப்படை மதுச்சட்டம் அன்று. இரவு 10 முதல் காலை 6 வரையிலான பொழுதை இரவு என வரையறுக்கும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆயத்தீர்வைத் துறையின் இரவு 1 மணிக்குத் தொடங்குகிறது. சுற்றுச்சூழல் சட்டத்தின் இரவு 10 மணிக்கே தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் எந்தச் சட்டம் வெல்லும் என்பதை, வழக்குத் தொடுக்கும் வசதி உள்ள குடியிருப்புகளே முடிவு செய்ய முடிந்திருக்கிறது. கள்ளுக்கடைக்கு அடுத்த சந்தில் வாழ்வோர் உயர் நீதிமன்றம்வரை சென்ற செய்தி அரிது.

தமிழ்நாட்டு வாசகர் இதை அயல்மாநிலக் கதையாகக் கொள்ள வேண்டியதில்லை. 1937ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய நிலம், 2003 முதல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியே அரசே நடத்துகிறது. 2016ல் கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து நண்பகல் 12 மணிக்குத் தள்ளப்பட்டது. இரு மாநிலங்களிலும் துறையின் பெயரிலேயே மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் அருகருகே நிற்கின்றன. ஒன்று மூடச் சொல்கிறது, மற்றது திறக்கச் சொல்கிறது. கடை அடைக்கும் மணி, இவ்விரண்டுக்கும் நடுவே அந்தந்த ஆண்டில் எட்டப்பட்ட சமரசம்.

ஆகவே மூடும் நேரம் பற்றிய ஒவ்வொரு அரசாணையையும் ஆய்வாளர் வருவாய் ஆவணமாகவும் படிக்க வேண்டும். நீட்டிக்கப்பட்ட மணி நேரத்துக்கு யார் பணம் கட்டினார், அதன் செலவை யார் சுமந்தார், அவ்விரவில் பரிமாறி, துடைத்து, காவல் நின்று, விடியலில் வீடு திரும்பிய ஊழியர் எந்தக் கணக்கில் வந்தார் என்ற வினாக்களை அவ்வாணைகள் எழுப்புவதில்லை. தவெர்னியே கண்ட நகரில் பெண்களின் பெயர்களேனும் பதிவேட்டில் இருந்தன. இன்றைய உரிமப் பட்டியலில் உரிமதாரரின் பெயர், கட்டணம், நேரம் ஆகியவை உள்ளன. விழித்திருந்தவரின் பெயரும் உறக்கம் இழந்தவரின் பெயரும் அதில் இல்லை.