வங்கியிலிருந்து பேங்க் நெகாராவுக்கு: ஜாஃபர் ஹுசேன் காலம்

நம் சங்கத்துப் பெரியவர்கள் சிலரின் வீட்டு அலமாரியில் இன்னும் ஒரு பழைய சேமிப்புப் புத்தகம் இருக்கும். அட்டையில் யுனைடெட் ஏசியன் பேங்க் என்று போட்டிருக்கும். எங்கள் நன்னாவின் புத்தகத்தை அத்தா பத்திரமாக வைத்திருக்கிறார். பள்ளிக்கூட நாளில் அதைப் பார்த்து, இந்த வங்கி எங்கே போயிற்று என்று கேட்டோம். "அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பாலிடெக்னிக்கில் கணக்கியல் படித்தபோதும் அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. பிறகு நாமே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை இம்மலரில் எழுதுகிறோம்.

1937-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது. சிறிது காலத்திலேயே பினாங்குக்கும் வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பவும் சரக்குக்கு எல்.சி. திறக்கவும் தமிழிலேயே பேசிக் காரியம் முடிக்கலாம் என்பது நம் வியாபாரிகளுக்குப் பெரிய வசதி. 1969-இல் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன் பேங்க், யூகோ மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே கிளை நடத்தக் கூடாது என்று 1973-இல் மலேசியச் சட்டம் வந்தது. எனவே மூன்றின் மலேசியக் கிளைகளையும் சேர்த்து யுனைடெட் ஏசியன் பேங்க் உருவாக்கப்பட்டது. நன்னாவின் புத்தகம் அப்படி வந்தது.

இனி நம் கதைக்கு உரியவர். டான்ஸ்ரீ ஜாஃபர் ஹுசேன் பட்டயக் கணக்காளர். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனத்திலிருந்து மேபேங்குக்குப் போய், அதன் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தவர். 1985-இல் பேங்க் நெகாராவின் கவர்னர் ஆனார். அவருக்கு முன்பு 1962 முதல் 1980 வரை கவர்னராக இருந்த துன் இஸ்மாயில் முகமது அலி அரசாங்க உத்தியோகத்திலிருந்து வந்தவர் (துன் டாக்டர் சித்தி ஹஸ்மாவின் அண்ணன் இவர்). வணிக வங்கியை நடத்திய கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் மலேசியர் ஜாஃபர்தான்.

வந்த நேரம் மோசமான நேரம். ஈய விலை சரிந்தது, செம்பனை எண்ணெய் விலை இறங்கியது, 1985-இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. வீடு, நிலம் என்று கடன் கொடுத்த வங்கிகள் திணறின. யுனைடெட் ஏசியன் பேங்கும் பெருநட்டத்தில் விழுந்தது. பேங்க் நெகாரா தலையிட்டு மூலதனம் போட்டுத் தூக்கி நிறுத்தியது. 1991-இல் அது பேங்க் ஆஃப் காமர்ஸுடன் சேர்ந்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய சிஐஎம்பி. அத்தா சொன்ன பெரிய கதையின் முடிவு இதுதான். நன்னாவின் பணம் ஒரு காசும் குறையவில்லை.

1986 ஆகஸ்டில் இன்னொரு சோதனை வந்தது. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. சிறு கடைக்காரர்கள், சந்தை வியாபாரிகள், தொழிலாளர்கள் என்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு அதில் மாட்டிக்கொண்டது. கவர்னர் கையில் எடுத்த வேலைகளில் இதைத்தான் நாம் பெரிதாக நினைக்கிறோம். கணக்காய்வு நிறுவனங்களை அனுப்பி ஒவ்வொரு சங்கத்தின் புத்தகத்தையும் திறந்து பார்த்து, டெபாசிட்காரர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி செய்தார்கள். சிலருக்குப் பல வருடம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1989-இல் வங்கி மற்றும் நிதி நிறுவனச் சட்டம் வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

நம் மக்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றும் அவர் காலத்தில்தான் நடந்தது. 1983-இல் பேங்க் இஸ்லாம் தொடங்கியபோது வட்டியில்லாக் கணக்கு வேண்டுமென்றால் அந்த ஒரே வங்கிக்குத்தான் போக வேண்டும். 1993 மார்ச்சில் பேங்க் நெகாரா வட்டியில்லா வங்கித் திட்டத்தைக் கொண்டுவந்து, மற்ற வங்கிகளும் அதே கவுண்டரில் அந்தச் சேவையைத் தரலாம் என்றது. இன்று பினாங்குக் கடற்கரை வீதியில் எந்த வங்கிக்குள் நுழைந்தாலும் அந்தக் கணக்கு கிடைக்கிறது.

அதே 1993 மார்ச்சில்தான் நட்டக் கதையும் வெளியே தெரிந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம் பணமாற்றுக் கடைகளை நினைத்துக்கொண்டால் போதும். டாலரை வாங்கினால் கூடிய சீக்கிரம் தள்ளிவிட வேண்டும், நாளை ஏறும் என்று பெட்டியில் பூட்டி வைத்தால் தூக்கம் போய்விடும் என்பது கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர்களின் பாலபாடம். 1985 செப்டம்பரில் ஐந்து பெரிய நாடுகள் கூடி டாலரின் மதிப்பை இறக்க முடிவு செய்தன. டாலரில் இருந்த மலேசியக் கையிருப்பு தேய்ந்தது, யென்னில் வாங்கிய கடன் வீங்கியது. சும்மா இருந்தால் நட்டம் என்று பேங்க் நெகாரா அந்நியச் செலாவணிச் சந்தையில் தீவிரமாக இறங்கியது. கையிருப்பைக் காக்கத் தொடங்கியது, பிறகு பந்தயமாகவே மாறிவிட்டது. உலகச் சந்தையில் பெரிய ஆள் என்று பெயர் எடுத்தது. 1992 செப்டம்பர் 16-இல் பிரிட்டிஷ் பவுண்டு ஐரோப்பிய நாணய ஏற்பாட்டிலிருந்து வெளியேறி விழுந்தது. பேங்க் நெகாரா பவுண்டு நிற்கும் என்ற பக்கத்தில் நின்றிருந்தது.

முதலில் இது கணக்குப் புத்தகத்து நட்டம், பின்னால் சரியாகும் என்று விளக்கினார்கள். சரியாகவில்லை. அப்போது நம் தஞ்சோங் தொகுதியின் உறுப்பினராக இருந்த லிம் கிட் சியாங் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேள்வி எழுப்பினார். 1993-ஆம் ஆண்டுக் கணக்கில் மேலும் 5.7 பில்லியன் வெள்ளி நட்டம் காட்டப்பட்டது. 1994-இல் அந்த அறிக்கையோடு ஜாஃபர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பல ஆண்டுகள் கழித்து, 2017-இல், அரச விசாரணை ஆணையம் 1992 முதல் 1994 வரையிலான மொத்த நட்டத்தை 31.5 பில்லியன் வெள்ளி என்று கணக்கிட்டது. பதில் சொல்ல ஜாஃபர் அப்போது உயிருடன் இல்லை.

வியாபாரி என்ற முறையில் நமக்கு ஒன்று தோன்றுகிறது. வங்கியை நடத்துகிறவர் தவறினால் மேலே பேங்க் நெகாரா இருக்கிறது, கை கொடுக்கும், அதட்டும். யுனைடெட் ஏசியன் பேங்குக்கு நடந்தது அதுதான். பேங்க் நெகாராவே தவறினால் மேலே யாரும் இல்லை. அடுத்தவர் புத்தகத்தை அவ்வளவு கறாராகப் பார்த்த கணக்காளர், தம் கூரைக்கு அடியில் இருந்த ஓர் இலாகாவை ஏன் அப்படிப் பார்க்கவில்லை என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை. கையில் இருந்தது ஊரார் அமானிதம். அதோடு, பழியைக் கீழே இருப்பவர்மீது போட்டுவிட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் உண்மை.

அவருக்குப் பின் வந்த அஹ்மட் டோனும் மேபேங்கிலிருந்து வந்தவர்தான். 1998 ஆகஸ்டில் அவர் விலகினார், செப்டம்பர் 2-இல் டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டப்பட்டது. அந்த விலையில் ஏழு வருடம் சரக்கு வாங்கியதைப் பற்றி அத்தா நிறையச் சொல்வார்.

நன்னாவின் சேமிப்புப் புத்தகத்துக்குள் ஒரு பழைய ஐந்து வெள்ளி நோட்டும் இருக்கிறது. கவர்னர் என்ற இடத்தில் ஜாஃபர் ஹுசேனின் கையெழுத்து.