ஊர்த் தொழிலும் உலகத் தொடர்பும்: ஐரோப்பியத் தொழில் துணை மையங்களின் அனுபவம்

1846, 1847 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் அரசுக்குப் பஞ்ச காலம். உருளைக்கிழங்கு அழுகியது, தானியம் பொய்த்தது. அந்த மண்ணில் நிலக்கரி கிடையாது, கடற்கரையும் கிடையாது. தகப்பன் நிலத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்ததால் காணிகள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தன. பிழைப்புத் தேடி மக்கள் குடும்பம் குடும்பமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். இந்த நெருக்கடியின் நடுவில், 1848-இல், தலைநகர் ஸ்டுட்கார்ட்டில் தொழிலுக்கும் வணிகத்துக்குமென்று அரசு ஒரு மைய அலுவலகம் திறந்தது. அதன் தொழில்நுட்ப ஆலோசகராக வந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டைன்பைஸ். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. இரும்பாலையில் தொழில் பழகி, இரும்பாலையை நிர்வகித்தவர். பின்னர் அந்த அலுவலகத்தின் தலைவராகி, 1880 வரை அதை நடத்தினார்.

வட்டாரத் தொழில் துணை மையங்கள் நாடு கடந்து கைகோப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸிலிருந்து தொடங்குவார்கள். ஸ்டைன்பைஸிடமிருந்து தொடங்குவதுதான் முறை என்பது என் கருத்து. அவர் கையாண்ட வழிகள் இன்றைய மையங்கள் பலவற்றைவிடத் தெளிவானவை. 1850-இல் ஸ்டுட்கார்ட்டில் மாதிரிப் பொருள் கூடம் ஒன்று அமைந்தது. அயல்நாட்டுக் கருவிகளும் இயந்திரங்களும் நெசவு மாதிரிகளும் அங்கே வாங்கி வைக்கப்பட்டன. உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் நெசவாளரும் வந்து பார்க்கலாம், தொட்டு ஆராயலாம், அதைப்போல் செய்து பழகலாம். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சி நடந்தபோது வூர்ட்டம்பெர்க் தொழிலாளர்களின் பொருள்கள் அங்கே போயின. அங்கிருந்து புதுமைகள் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தன. 1853-இல் அவர் எழுதிய நூல், பெல்ஜியத்தின் தொழில்வளத்தை எடுத்துக்காட்டாக வைத்து, தொழிலை வளர்க்கும் முறைகளை ஆராய்ந்தது. தன் நாட்டுக் கைவினைஞருக்காக இன்னொரு சிறு நாட்டைக் கூர்ந்து படித்த நூல் அது.

ஆட்களையும் அவர் அனுப்பிவைத்தார். துப்பாக்கி செய்யும் தொழில் கற்ற ஓர் இளைஞருக்கு அல்சேஸ் பகுதியின் கிராஃபன்ஸ்டாடன் இயந்திர ஆலையில் இடம் கிடைக்கத் துணை நின்றார். பிறகு ஸ்டுட்கார்ட்டில் உயர்கல்வி பெற்று, இங்கிலாந்தின் லீட்ஸ், மான்செஸ்டர் போன்ற நகரங்களின் பட்டறைகளை நேரில் அறிந்து திரும்பிய அந்த இளைஞரின் பெயர் காட்லீப் டெய்ம்லர். 2012 முதல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் லாரிகள் செய்துவரும் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியது என்பதால், இந்தப் பழங்கதை நம்மோடும் கொஞ்சம் சம்பந்தப்பட்டதுதான்.

ஸ்டைன்பைஸின் முறையில் ஒரு குறை உண்டு. அது ஒருவழிப் பாதை. வெளியிலிருந்து எடுத்து வருவதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் எதிர்ப்பக்கத்தில் அதே போன்ற அலுவலகம் இல்லை. இரு பக்கமும் மேசை போட்டு ஆள் உட்கார இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1973-இல் பிரஸ்ஸல்ஸில் நிறுவனங்களை இணைத்துவைக்கும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. வேறு வேறு நாட்டுச் சிறு நிறுவனங்களைச் சேர்த்துவைத்ததால் அதற்குக் 'கல்யாண அலுவலகம்' என்ற செல்லப் பெயரும் உண்டு. ஒரே நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கண்டம் முழுவதற்கும் வரன் பார்ப்பது எளிதல்ல என்பது போகப் போகத் தெரிந்தது. 1987-இல் சோதனை முயற்சியாக 39 யூரோ இன்ஃபோ சென்டர்கள் பல நாடுகளில் திறக்கப்பட்டன. பெரும்பாலும் ஏற்கெனவே இயங்கிய வணிகச் சபைகளுக்குள்ளேயே அவை இடம்பெற்றன. 1995-இல் தொழில்நுட்பப் பரிமாற்றத்துக்கென்று இன்னோவேஷன் ரிலே சென்டர்கள் வந்தன. அந்த வலை 71 மையங்களாக, 33 நாடுகளில் பரவியது. 2008 பிப்ரவரியில் இந்த இரண்டு வலைகளும் இணைந்து எண்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க் ஆயின. வணிகச் சபைகள், பல்கலைக்கழகங்கள், வட்டார வளர்ச்சி முகமைகள், ஆய்வுக்கூடங்கள் என்று 600-க்கு மேற்பட்ட அமைப்புகள் அதில் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நாடுகளும் உண்டு.

இதற்கு இணையாக இன்னொரு மரபும் ஓடியது. பெரிய ஆலை மூடப்பட்ட ஊர்களில் பிறந்த மரபு அது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பட்டாவியா என்ற சிற்றூரில் விவசாய இயந்திர ஆலை மூடியபோது, ஜோசப் மான்குசோ அந்தப் பெருங்கட்டடத்தைப் பகுதி பகுதியாகச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டு, ஆலோசனையும் கொடுத்தார். ஆண்டு 1959. பிரிட்டனில் இரும்பாலைகள் ஆள் குறைத்தபோது, பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனமே 1975-இல் வேலையிழந்த ஊர்களில் புதுத் தொழில் உண்டாக்கத் தனிக் கிளை ஒன்றை அமைத்தது. நலிந்த தொழில் வட்டாரங்களில் தொழில் வளர்ப்பு மையங்களை ஐரோப்பிய ஆணையம் ஊக்குவித்தது. அவற்றின் கூட்டமைப்பான இ.பி.என். 1984-இல் உருவானது. ஆலை மூடிய வட்டாரம் ஒன்றின் அனுபவம் அதே துயரத்தில் உள்ள இன்னொரு வட்டாரத்துக்குப் பயன்பட்டதுதான் இந்தக் கூட்டமைப்பின் பெருமை. செழித்த நகரத்திடம் கற்பதைவிட, தன்னைப்போல் விழுந்து எழுந்த ஊரிடம் கற்பது எளிது.

எண்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். அதன் உயிர் ஒரு சிறிய தாளில் இருக்கிறது. பெயர் குறிப்பிடாத நிறுவன அறிமுகம், ஓரிரண்டு பக்கம். தொழில்நுட்பம் தருகிறோம், தொழில்நுட்பம் தேடுகிறோம், வணிகம் தருகிறோம், வணிகம் தேடுகிறோம், ஆய்வுக்குக் கூட்டாளி தேடுகிறோம் என்று ஐந்து வகை. பொதுத் தரவுத்தளத்தில் ஏறும் ஒவ்வோர் அறிமுகத்துக்கும் ஒரு குறியீட்டு எண் இருந்தது. முதல் எழுத்துகள் வகையையும், அடுத்தவை நாட்டையும், பின்வரும் இலக்கங்கள் தேதியையும் காட்டும். பழகிய அலுவலர் அந்த எண்ணைப் பார்த்தவுடனே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

ஓர் உதாரணம் கற்பனை செய்து பார்க்கலாம். போலந்தின் சிலேசியாவில் 12 பேர் வேலைசெய்யும் பட்டறை. பம்புகளுக்கான சீல் ஒன்றைப் புதிதாக வடிவமைத்திருக்கிறது. முதலாளி உள்ளூர் மையத்துக்குப் போகிறார். மையத்தின் அலுவலர் பட்டறைக்கு வந்து பார்க்கிறார். பிறகு கேள்விகள் தொடங்கும். இது வெறும் யோசனையா, செய்துகாட்டும் மாதிரி தயாரா, சந்தையில் ஏற்கெனவே விற்கிறதா? காப்புரிமை விண்ணப்பித்தாயிற்றா, கிடைத்துவிட்டதா, இல்லை தொழில் ரகசியமாகவே வைத்திருக்கிறீர்களா? இப்போது கிடைக்கும் சீலைவிட இது எதில் மேல், எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்? எப்படிப்பட்ட கூட்டாளி வேண்டும்: உரிமம் வாங்குகிறவரா, உற்பத்தி செய்து தருகிறவரா, விற்பனை முகவரா? அந்தக் கூட்டாளி செய்யவேண்டிய வேலை என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி இந்தக் கடைசிக் கேள்விதான். 'எந்த நாடாக இருந்தாலும் சரி, எந்தக் கூட்டாளியானாலும் சரி' என்று எழுதிய அறிமுகத்துக்குப் பதிலே வராது. 'உணவு பதப்படுத்தும் ஆலைகளுக்குப் பம்பு செய்கிறவர். எங்கள் சீலைத் தன் பம்பில் பொருத்தி ஆறு மாதம் சோதிக்கச் சம்மதிப்பவர்' என்று எழுதினால், இத்தாலியின் எமிலியா ரொமான்யாவில் உள்ள மைய அலுவலருக்குத் தன் வட்டாரத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். ஜாதகத்தில் தோஷத்தை மறைத்தால் நிச்சயதார்த்தம் வரைதான் போகும், இங்கேயும் அப்படியே.

எழுதிய தாள் நேராக வெளியே போகாது. இன்னொருவர் படித்து, புரியாத இடத்தைச் சுட்டித் திருப்பி அனுப்புவார். வெளியான பிறகு இத்தாலிய நிறுவனத்துக்கு ஆர்வம் பிறந்தால், அது தன் ஊர் மையத்திடம் சொல்லும். அந்த மையம் சிலேசிய மையத்திடம் சொல்லும். இரு பக்கமும் சம்மதித்த பிறகுதான் பெயர்கள் பரிமாறப்படும். சிறிய முதலாளிக்கு இதனால் ஒரு காவல் கிடைக்கிறது. எதிர்ப்பக்கத்து நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறதா, முன்பு யாரையாவது ஏமாற்றியிருக்கிறதா என்பதெல்லாம் எந்தத் தரவுத்தளத்திலும் வராது. அந்த ஊரிலேயே இருக்கும் ஓர் அலுவலரின் வாயிலிருந்துதான் வரும்.

நேர்ச் சந்திப்புகளும் உண்டு. ஹானோவர் தொழிற்கண்காட்சியிலும், டுசெல்டார்ஃபின் மெடிக்கா மருத்துவக் கண்காட்சியிலும் இந்த வலையினர் முன்கூட்டியே நேரம் குறித்து, குறுகிய நேரச் சந்திப்புகளை ஏற்பாடு செய்கிறார்கள். அரங்கு எடுக்க வசதியில்லாத பத்துப் பேர் நிறுவனம்கூட ஒரு மேசையில் உட்கார்ந்து, தான் தேர்ந்தெடுத்த ஆட்களோடு பேசிவிட்டுத் திரும்பமுடியும்.

இனி இதில் எனக்குள்ள மனக்குறையையும் சொல்லவேண்டும். பணம் பொதுப்பணம் என்பதால் கணக்குக் காட்டவேண்டும். அந்தக் கணக்கில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்குப் பெரிய இடம் உண்டு. உடன்படிக்கை ஏற்பட்டதற்கும், அதில் மையத்தின் பங்கு இருந்ததற்கும் நிறுவனத்திடமிருந்து எழுத்துச் சான்று வாங்கவேண்டும். நேர்மையான விதிதான். ஆனால் கணக்கில் வராத உழைப்பு எவ்வளவோ! 'இந்தக் கூட்டு உனக்கு ஒத்துவராது, விட்டுவிடு' என்று ஒரு முதலாளியைத் தடுத்துக் காப்பாற்றிய அலுவலருக்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் இல்லை. சிறு தொழிலின் வாழ்வில் தவிர்த்த நஷ்டம் கிடைத்த லாபத்தைவிடக் குறைந்ததல்ல. எண்ணிக்கையை மட்டும் அளக்கும் திட்டம், காலப்போக்கில் எளிதாகக் கையெழுத்தாகக்கூடிய கூட்டுகளையே தேடத் தொடங்கும். உதவி அதிகம் தேவைப்படும் முதல்தலைமுறைத் தொழில்முனைவோர் வரிசையில் பின்னுக்குப் போவார்கள்.

இன்னொன்று, ஏற்றத்தாழ்வு. 1988-இல் பாடன் வூர்ட்டம்பெர்க், ரோன் ஆல்ப்ஸ், லொம்பார்டி, கட்டலோனியா ஆகிய நான்கு வட்டாரங்கள் ஸ்டுட்கார்ட்டில் ஒப்பந்தம் செய்து 'ஐரோப்பாவின் நான்கு எஞ்சின்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்டன. லோத்தர் ஷ்பேத், ஜோர்டி புஜோல் போன்ற வட்டாரத் தலைவர்கள் முன்னின்றார்கள். நான்கும் வளமானவை; சமமாகப் பேசமுடிந்தது. வளமான வட்டாரமும் ஏழை வட்டாரமும் சேரும்போது, ஒன்று வடிவமைப்பைத் தர, மற்றொன்று மலிவான கைகளைத் தரும் ஏற்பாடாக அது முடியும் ஆபத்து எப்போதும் உண்டு. அதைத் தடுப்பது அந்த ஏழை வட்டாரத்து மையத்தின் திறமைதான். தன் பட்டறைகளிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று அறிந்த மையம், கேட்பதோடு கொடுக்கவும் செய்யும்.

ஸ்டைன்பைஸ் பெயரில் 1971-இல் அமைந்த அறக்கட்டளை இந்த விஷயத்தில் நல்ல பாடம். 1983-இல் யோஹான் லோன் பொறுப்பேற்ற பிறகு, தொழிற்கல்லூரிப் பேராசிரியர்கள் தங்கள் ஊரிலேயே, தங்கள் கணக்கிலேயே நடத்தும் பரிமாற்ற மையங்கள் பெருகின. 1990-இல் ஐரோப்பியத் தொடர்புக்கென்று ஸ்டைன்பைஸ் ஐரோப்பா மையம் ஸ்டுட்கார்ட்டில் எழுந்தது. வேர் முதலில் ஊரில் பிடித்தது. கிளை பிறகு வெளியே போயிற்று. பிற இடங்களில் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, முதலில் வெளிநாட்டு ஒப்பந்தம், பிறகு உள்ளூர்ப் பட்டறை என்று தொடங்கிய மையங்கள் திட்டப்பணம் தீர்ந்ததும் பலகையோடு நின்றுபோகின்றன.

நம் நாட்டுக்கு வெளிநாட்டு உறவு புதிதல்ல. 1953-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் சர்வதேச நிபுணர் குழு வந்து ஆராய்ந்த பிறகுதான் சிறுதொழில் சேவை நிலையங்கள் பிறந்தன. ஓக்லாவுக்கு ஜெர்மனியும், ராஜ்கோட்டுக்கு அமெரிக்காவும், ஹவுராவுக்கு ஜப்பானும் உதவ, தேசியச் சிறுதொழில் கழகத்தின் பயிற்சி மையங்கள் அமைந்தன. 1968-இல் சென்னையில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட் நிறுவனம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எழுந்தது. அங்கே அச்சு வார்க்கப் பழகியவர்கள் இன்று நாடு முழுவதும் பட்டறை வைத்திருக்கிறார்கள். 1986-இல் திருச்சியில் டிரெக்-ஸ்டெப் என்ற தொழில்முனைவோர் பூங்கா, நாட்டின் முன்னோடிகளுள் ஒன்றாகத் தொடங்கப்பட்டது. இவையெல்லாம் நாம் பெற்றுக்கொண்ட காலத்துப் பெரும் சாதனைகள், நன்றியோடு நினைக்கவேண்டியவை. அவர்களுடைய மையமும் நம்முடைய மையமும் சமமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பட்டறைக்குப் பொறுப்பேற்றுப் பேசும் பழக்கம்தான் இங்கே இன்னும் வேர் பிடிக்கவேண்டும்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் தொழில்முனைவோர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வெளிநாட்டுத் தூதுக்குழு வருவதற்கு முன், உங்கள் உறுப்பினர்களில் பத்துப் பட்டறைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் நேரில் போகட்டும். என்ன செய்கிறோம், எதில் மற்றவரைவிட மேல், எதில் குறை, எப்படிப்பட்ட கூட்டாளி வேண்டும், அவர் என்ன செய்யவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். இன்னொருவர் படித்துத் திருத்தட்டும். அந்த வேலைக்கு வைக்கும் ஆளை ஐந்து வருடமாவது மாற்றாதீர்கள். சம்பளத்தில் ஒரு பகுதியையாவது சங்கமே கொடுங்கள். தூதுக்குழுவின் கையில் மலர்க்கொத்தோடு அந்தத் தாள்களையும் கொடுங்கள்.