ஓநாயின் பெயர் கொண்ட நோய்

என் அக்கா கல்யாணமான புதிதில் எப்போதும் அசதி, விரல் மூட்டெல்லாம் வலி என்பார். வேலைக்குப் பயந்து சொல்கிறார் என்று வீட்டில் சிரித்தோம். பல வருடம் கழித்துத்தான் பெயர் தெரிந்தது: லூப்பஸ்.

லத்தீனில் அது ஓநாய். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த 'லூ'வும் அதே ஓநாய்தான். தோலைக் கடித்துக் குதறியதுபோல் ஆக்கும் நோய்களுக்கு ஐரோப்பிய வைத்தியர்கள் வைத்த பழைய பெயர். 1851-இல் பாரிஸ் மருத்துவர் கசனாவ், சிவந்து படரும் வகையைத் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார்.

இந்நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஏன்?

பெண்ணின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அவற்றில் ஒன்று உறங்கிவிடுகிறது என்று 1961-இல் இங்கிலாந்தின் மேரி லயன் சொன்னார். ஆனால் அது முழு உறக்கமல்ல. வைரஸ் நுழைந்தால் செல்லுக்கு எச்சரிக்கை கொடுக்கும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு, நோய் எதிர்ப்புச் செல்கள் சிலவற்றில் உறங்கும் எக்ஸிலும் விழித்திருப்பதை 2018-இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு காவலாளி போதுமான வாசலில் இருவர். கிருமியை விரட்ட நல்லதுதான். சில சமயம் வீட்டுக்காரரையே திருடன் என்று பிடித்துவிடுகிறார்கள். காரணங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் வீட்டுப் பெண்கள் வலி என்றால் நம்புங்கள். அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.