பள்ளுருத்தி: வயல் நகரான கதை

கொச்சி என்றதும் நம் உறுப்பினர்கள் பலருக்கு மட்டாஞ்சேரி அரண்மனையும் மிளகு வியாபாரமும் நினைவுக்கு வரும். அதற்குத் தெற்கே உள்ள பள்ளுருத்தியைப் பற்றிச் சொன்னால், "அங்கே என்ன விசேஷம்?" என்பார்கள். விசேஷம் உண்டு என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சி முகத்துவாரம் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கப்பல்கள் மட்டாஞ்சேரிக்கு வந்தன. தெற்கே பள்ளுருத்திப் பக்கமோ உப்புநீர் ஏறி இறங்கும் வயல்களாகவே இருந்தது. அங்கு விளைந்தது பொக்காளி நெல். மழை வந்து உப்பைக் கழுவியபின் விதைத்து, ஐப்பசிவாக்கில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். தாள் அங்கேயே மட்கும். பிறகு மதகைத் திறந்து ஓதநீரை விட்டால் இறால் வளரும். உரமே வேண்டாம். 2008-இல் இந்நெல்லுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்தச் சேற்றில் உழைத்தவர்கள் புலயர் முதலிய மக்கள். அவர்களுக்கு ஊர்ப் பொதுவழியும் கோயிலும் விலக்கு. 1913-இல் தங்கள் கூட்டத்தைக் கொச்சிக் காயலில் தோணிகளைப் பிணைத்து, நீர்மேல் நடத்தினார்கள். நிலத்தில் கூட இடமில்லை. பள்ளுருத்தி அழகியகாவு பகவதி கோயில் முற்றத்தில் ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் அவர்கள் வர அனுமதி இருந்தது என்பது மரபு. அந்த நாளே தனு மாதக் கடைசி வியாழக்கிழமை கூடும் 'புலவாணிபம்' சந்தை. பாய், மண்பானை, கருவாடு எல்லாம் அங்கே விலைக்கு வரும். 1916-இல் ஸ்ரீ நாராயண குரு இவ்வூரில் பவானீஸ்வரர் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார்.

1920-இல் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ வந்தார். முகத்துவார மணல்திட்டை வெட்டி வழி செய்தார். 1928-இல் 'பத்மா' கப்பல் உள்துறைமுகம் நுழைந்தது. தோண்டிய மண்ணே வில்லிங்டன் தீவாயிற்று. துறைமுக வேலை, மீன் ஏற்றுமதி என்று பிழைப்பு பெருகப் பெருக, வயல்கள் வீட்டு மனைகளாயின. 1967 நவம்பர் 1-இல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை நகராட்சிகளுடன் பள்ளுருத்திப் பஞ்சாயத்தும் இணைந்து கொச்சி மாநகராட்சி உருவாயிற்று.

இன்று கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, சந்தையும் கூடுகிறது. ஊர் வரலாறு எழுதும்போது நாம் பெரும்பாலும் கோயிலையும் அரசரையும் எழுதி நிறுத்திவிடுகிறோம். வரப்பு கட்டியவர்களையும், அவர்களை வெளியே நிறுத்தியதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும் என்பது என் கருத்து. மார்கழிக் கடைசியில் கொச்சி வரும் அன்பர்கள் புலவாணிபத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.