ஆறு குண்டுகளும் 'திடீர்' என்ற சொல்லும்

1911 ஏப்ரல் 23, ஞாயிறு இரவு. கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் தலைமையாசிரியர் பங்களாவின் வராண்டாவில் எத்தல் பிரவுட்லாக், வில்லியம் ஸ்டீவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். ரிவால்வரின் ஆறு குண்டுகளும் தீர்ந்திருந்தன. மானத்தைக் காக்கச் சுட்டேன் என்றார். தூக்குத் தண்டனை விதித்தார்கள். சிலாங்கூர் சுல்தான் மன்னித்துவிட்டார். சாமர்செட் மாம் இதைச் சிறுகதையாக்கினார், நாடகமாக்கினார். ஹாலிவுட்டும் விடவில்லை.

இந்தக் கதை இவ்வளவு தூரம் ஓடியதற்குக் காரணம் லேசானது. பெண் கொல்வது அபூர்வம். ஜேம்ஸ் கிவன் என்ற ஆய்வாளர் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீதிமன்றச் சுருள்களை எண்ணிப் பார்த்தார். கொலைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெண்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. எழுநூறு ஆண்டு தாண்டி ஐ.நா.வின் 2019 அறிக்கையைத் திறந்தால், சந்தேக நபர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆண்கள். கொல்லப்படுவோரிலும் 81 விழுக்காடு ஆண்கள்தான். எண்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற எனக்கே இது கொஞ்சம் பயமாக இருந்தது. இவ்வளவு அசையாத விகிதத்தை எந்த மெஷினிலும் பார்த்ததில்லை.

ஆனால் கணவன், காதலன் கையால் அல்லது மனைவி, காதலி கையால் நடக்கும் கொலைகளை மட்டும் பிரித்தெடுத்தால் கணக்கு தலைகீழாகிறது. செத்தவர்களில் 82 விழுக்காடு பெண்கள். எங்கள் பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைகளில் இது, "கோவத்துல அடிச்சான், போய்ட்டா" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அவள் பெயர்கூட வராது.

அந்தக் 'கோவத்துல' என்பதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது 300ஆவது பிரிவு. கடுமையான, திடீர்த் தூண்டுதலால் நிதானமிழந்து கொன்றால் அது கொலையாகாது, அதைவிடக் குறைந்த குற்றம் என்கிறது அதன் முதல் விதிவிலக்கு. திடீரென்று கை ஓங்குவது யார்? பல வருடம் அடிவாங்கியவள் பெரும்பாலும் அவன் தூங்கும்வரை காத்திருக்கிறாள். கிரண்ஜித் அலுவாலியா 1989இல் இங்கிலாந்தில் அப்படித்தான், பத்தாண்டு சித்திரவதைக்குப் பிறகு, தூங்கிய கணவனுக்குத் தீ வைத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. 1992 மேல்முறையீட்டில் அவரைக் காப்பாற்றியது மனநிலை பற்றிய மருத்துவச் சான்று. தூண்டுதல் வாதம் எடுபடவில்லை.

இங்கிலாந்து 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் 'திடீர்' நிபந்தனையை எடுத்துவிட்டது. நம்ம 300ஆவது பிரிவில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.