கணிப்பொறிக்குள் கதவு எண்கள்

தண்டையார்பேட்டை நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது, முகவரியின் முடிவில் 600081 என்று குறிக்கிறீர்கள். முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தைச் சென்னைக்குக் கொண்டுவருகின்றன. அடுத்த மூன்றும் எந்த அஞ்சலகம் என்று காட்டுகின்றன. ஆனால் நண்பர் குடியிருப்பது ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாசலுக்குள் ஆறு குடும்பங்கள். எந்தக் குடித்தனம் என்றும் எழுதினால்தான் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரும், அல்லவா?

இந்த அஞ்சல் குறியீட்டு எண் நம் நாட்டில் 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்ற இளைஞர் வேறொரு முகவரிச் சிக்கலைத் தீர்க்க முனைந்தார்.

1969இல் தொடங்கிய அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு பல ஊர்களின் கணிப்பொறிகளை இணைத்தது. ஒரு கணிப்பொறியில் ஒரே சமயத்தில் பல நிரல்கள் இயங்கும். வந்த செய்தி எந்த நிரலுக்கு உரியது? இதற்காக நிரலின் இணைப்புமுனைக்கு 'சாக்கெட்' என்று பெயரிட்டு, எண் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எண் வைத்தால், வெளியூர்க்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? எண்களை வழங்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று போஸ்டல் எழுதினார். அந்த ஒருவர் தாமாகவே இருக்கலாமோ என்றும் கேட்டார். 1998இல் மறையும்வரை அந்தப் பட்டியலை அவர் பேணிவந்தார்.

அன்று ஓர் இணைப்பில் செய்தி ஒரு திசையில்தான் செல்லும். எனவே பெறுவதற்கு இரட்டைப்படை எண், அனுப்புவதற்கு ஒற்றைப்படை எண் என இரண்டு தேவைப்பட்டன. 1983 ஜனவரி 1 முதல் அர்ப்பாநெட் புதிய நெறிமுறைக்கு மாறியது. ஒரே இணைப்பில் இருதிசைப் போக்குவரத்து வந்தது. கதவு எண்ணுக்குப் 'போர்ட்' என்று பெயர். 0 முதல் 65,535 வரை எண்கள். கோப்பு மாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23, மின்னஞ்சலுக்கு 25 என்ற ஒற்றைப்படை வரிசை மட்டும் பழைய வழக்கத்தின் தடமாக நின்றுவிட்டது.

அதே 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் 'பைண்ட்' என்ற கட்டளை இருந்தது. பைண்ட் என்றால் பிணைத்தல். புதிதாக உருவாக்கிய சாக்கெட் எண் பலகை இல்லாத கதவு போன்றது. கணிப்பொறியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் அதனோடு பிணைப்பதே பைண்ட். அந்த எண்ணை வேறொரு நிரல் ஏற்கெனவே பிடித்திருந்தால், பின்னால் வந்ததற்கு இடம் மறுக்கப்படும். அழைக்கும் நிரலுக்கோ இந்தக் கவலை இல்லை. காலியாயுள்ள ஓர் எண்ணைக் கணிப்பொறியே கொடுத்துவிடும்.

1024க்குக் குறைந்த எண்களை நிர்வாகி மட்டுமே பிணைக்கலாம் என்றும் பெர்க்கிலியில் விதித்தார்கள். ஏன்? பலர் பகிரும் கணிப்பொறியில் யாரோ ஒருவர் 23ஆம் எண்ணைப் பிடித்துப் போலி வாசல் அமைத்தால், நுழைய வருபவர்களின் கடவுச்சொற்களை எல்லாம் வாங்கிக்கொள்வார்!

இந்தியாவில் எர்நெட் என்ற கல்வி வலையமைப்பு 1986இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் இடம்பெற்றது. 1995 ஆகஸ்டு 15 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கும் இணையம் கிடைத்தது. நாம் வந்து சேர்ந்தபோது கதவு எண்கள் நமக்காகக் காத்திருந்தன.

ஒளியின் வேகம் இயற்கை தந்த எண். மின்னஞ்சலுக்கு 25 என்பதோ மனிதர் கூடி ஒப்புக்கொண்ட எண். 600081உம் அப்படித்தான். எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான், இன்றும் ஓர் அஞ்சல் கணிப்பொறி மற்றொன்றின் 25ஆம் கதவைத் தயங்காமல் தட்டுகிறது.