உவெனோ: வடக்கின் வாசல்

யப்பானின் கைத்தொழில் வளர்ச்சியை வியந்து பேசுவோர் அதன் ஆலைகளையும் அதிவேகப் புகையிரதங்களையும் எடுத்துக்காட்டுவர். அவற்றைக் கட்டியெழுப்பிய கைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்போர் தொகை குறைவு. அக்கேள்விக்கு விடை தேடுபவர் டோக்கியோவின் உவெனோப் புகையிரத நிலையத்தையும், அதனை ஒட்டிய குன்றையும் சந்தையையும் ஆராய்தல் வேண்டும்.

நிலையத்தின் அருகேயுள்ள குன்று ஒரு தோல்வியின் களம். 1868 யூலையில் தொக்குகாவா ஆட்சியின் ஆதரவாளர் கனெய்ஜி ஆலய வளவிலே நின்று புதிய அரசின் படையை எதிர்த்தனர். ஒரே நாளில் முறியடிக்கப்பட்டனர். பின்னர் போர் வடக்கே பரவியது. தொஹொக்கு எனப்படும் வடகிழக்குப் பிரதேசத்துச் சிற்றரசுகள் கூட்டுச் சேர்ந்து போரிட்டுத் தோற்றன. "சிரகாவாவுக்கு வடக்கே மலையொன்று நூறு காசு" என்று வென்றவர்கள் எள்ளி நகையாடினர் என்பர். அந்த ஏளனத்தில் ஒரு பொருளாதாரத் திட்டமும் அடங்கியிருந்தது என்றே கருதவேண்டியுள்ளது. மலிவான நிலம், மலிவான நெல், மலிவான மனிதர்!

அம்மனிதரை ஏற்றிவரப் பாதை வேண்டுமல்லவா? 1881 இல் 'நிப்பொன் புகையிரதக் கம்பனி' நிறுவப்பட்டது. பெயரளவில் அது தனியார் கம்பனி. மூலதனத்தின் பெரும்பகுதி பிரபுக்களுடையது. அவர்களுக்கு 8 வீத இலாபத்தை உறுதிசெய்தது அரசாங்கம். இலாபம் பிரபுக்களுக்கு, நட்டம் வரிகொடுக்கும் குடியானவனுக்கு என்ற இந்த ஏற்பாட்டை நவீனமயமாக்கல் என்று பாடநூல்கள் அழைக்கின்றன. 1883 யூலை 28 இல் உவெனோவிலிருந்து குமகாயா வரை முதல் வண்டி ஓடிற்று. அடுத்த ஆண்டிலே பாதை பட்டு விளையும் தகசாக்கியை எட்டியது. 1891 இல் வடகோடியிலுள்ள அவோமொரியை அடைந்தது.

இக்கம்பனியின் வரலாற்றில் பங்குதாரரைவிட முக்கியமானவர்கள் அதன் இயந்திரச் சாரதிகள். 1898 பெப்ருவரியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்; வடகிழக்குப் பாதையில் வண்டிகள் நின்றன. ஊதியத்தோடு கௌரவத்தையும் அவர்கள் கேட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இழிவு தொனிக்கும் பதவிப் பெயர்களை மாற்றவேண்டும், எழுதுவினைஞருக்குள்ள மதிப்பு தமக்கும் வேண்டும் என்றனர். கம்பனி பணிந்தது, சாரதிகள் சங்கம் அமைத்தனர். யப்பானியத் தொழிற்சங்க இயக்கத்தின் ஆரம்ப வெற்றிகளுள் இது தலையாயது. ஆளும் வர்க்கத்தின் மறுமொழி வரத் தாமதமாகவில்லை. 1900 இல் இயற்றப்பட்ட பொதுஅமைதிப் பொலிசுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, சங்கத்திற் சேரவோ வேலைநிறுத்தத்தில் ஈடுபடவோ தொழிலாளரைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. இருபது ஆண்டுகள் கழிந்தன. 1920 மே 2 இல் யப்பானின் முதலாவது மே தினக் கூட்டம் அதே உவெனோக் குன்றிற் கூடியது. 17 ஆம் பிரிவை நீக்கு, வேலையின்மையைத் தடு, குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டமாக்கு என்பன ஆங்கெழுந்த கோரிக்கைகள். அப்பிரிவு 1926 இல் நீக்கப்பட்டது.

வடக்கிலிருந்து வந்தோருக்கு நிலையம் ஊரின் எச்சமாயிருந்தது. இவாத்தே மாகாணத்தவரான கவிஞர் இஷிகாவா தக்குபொக்கு பத்திரிகையொன்றில் அச்சுப்படி திருத்தி வறுமையில் உழன்று, 1912 இல் தமது 26 ஆவது வயதில் காசநோயால் இறந்தார். ஊர்ப்பேச்சைக் கேட்பதற்காக நிலையத்து நெரிசலைத் தேடிச் செல்வதை அவருடைய சிறு கவிதையொன்று கூறும். அக்கவிதையைத் தாங்கிய நினைவுச்சின்னம் நிலையத்தினுள் உண்டு. ஊர்ப்பேச்சுடன் வந்திறங்கியோர் எல்லோரும் பேனா பிடிக்க வரவில்லை. 1934 இல் கடுங்குளிரால் வடக்கே நெல் பொய்த்தபோது, கடனுக்கு ஈடாக விற்கப்பட்ட உழவர் வீட்டுப் பெண்பிள்ளைகளும் இப்பாதையால் வந்தனர். அரச அனுமதியுடன் இயங்கிய யொஷிவாரா விலைமாதர் குடியிருப்பு உவெனோவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் இருந்தது.

1923 நிலநடுக்கத்தில் நிலையம் எரிந்தது. இன்றுள்ள கட்டடம் 1932 இல் எழுந்தது. இடையில், 1924 இல், குன்றிலிருந்த பூங்கா பேரரசரின் கொடையாக நகரத்துக்கு வழங்கப்பட்டது. இந்தக் 'கொடை' பற்றிப் பின்னர் பேச இடமுண்டு.

1945 மார்ச் 10 இரவில் அமெரிக்கக் குண்டுகள் கீழ் டோக்கியோவை எரித்தன. ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் மாண்டனர். உயிர்தப்பிய பிள்ளைகள் பலர் உவெனோவின் சுரங்கவழியில் ஒதுங்கினர். சப்பாத்துத் துடைத்தும், சிகரெட் துண்டு பொறுக்கியும், திருடியும் வாழ்ந்தனர். வாழமுடியாதோர் அச்சீமெந்துத் தரையிலேயே பட்டினியால் இறந்தனர். 1948 இல் அரசாங்கம் எடுத்த கணக்கின்படி நாட்டில் அநாதைப் பிள்ளைகள் 123,511 பேர். ஒகினாவா இக்கணக்கிற் சேரவில்லை. போரை நடத்திய அரசு இப்பிள்ளைகளுக்குச் செய்தது என்ன? பொலிசாரைக் கொண்டு வளைத்துப் பிடித்து, வண்டிகளில் ஏற்றிச் சென்றது.

அதேவேளை, நிலையத்துக்கும் ஒக்காச்சிமச்சிக்குமிடையே பாதையின் கீழ்க் கறுப்புச் சந்தை முளைத்தது. பங்கீட்டு உணவு உயிர்தரிக்கப் போதாதபோது நகரம் இத்தகைய சந்தைகளாலேயே பிழைத்தது. சீனி அரிதாயிருந்த நாளில் மிட்டாய் விற்றதாலும், பின்னர் அமெரிக்கப் படையின் பண்டங்கள் குவிந்ததாலும், அது 'அமெயொக்கோ' எனப் பெயர் பெற்றது. 'அமெ' என்றால் மிட்டாய். அமெரிக்காவின் முதலெழுத்துகளும் அவையே. பெயர் எதனால் வந்தது என்பதில் இன்றும் இரு கட்சியுண்டு.

1954 ஏப்பிரலில் அவோமொரியிலிருந்து ஒரு விசேட வண்டி இரவெல்லாம் ஓடி மறுநாள் உவெனோவை அடைந்தது. அதில் வந்தோர் பாடசாலையை அப்போதுதான் விட்டிருந்த பதினைந்து வயதினர். சிறு பட்டறைகளும் கடைகளும் ஆலைகளும் அவர்களைக் கூட்டாக வேலைக்கு எடுத்திருந்தன. ஆசிரியர்களே உடன்வந்து ஒப்படைத்தனர் என்பதை ஆசிரியத் தொழிலிலுள்ளோர் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். முதலாளிமார் இப்பிள்ளைகளைப் 'பொன் முட்டைகள்' என்றனர். முட்டை இடுபவளைப் பற்றிய பேச்சே இல்லை! அந்நாளில் கட்டாயக் கல்வியை முடித்தோரில் ஏறத்தாழ அரைவாசியினரே மேற்பாடசாலை சென்றனர். 1974 இல் இது 90 வீதத்தைத் தாண்டியது. மறு ஆண்டு இவ்வண்டிகள் நின்றன. வறுமை வண்டியை ஓட்டியது, கல்வி அதனை நிறுத்தியது என்றால் முழுமையாகாது. எண்ணெய் நெருக்கடியால் ஆலைகளுக்கும் ஆட்கள் தேவைப்படவில்லை. இப்பிள்ளைகளின் ஏக்கத்தைப் பாடிய, 1964 இல் வெளிவந்த 'ஆ, உவெனோ நிலையம்' என்ற பாடலுக்கு 2003 இல் நிலைய முன்றலில் நினைவுக்கல் நாட்டப்பட்டது.

கல் நாட்டப்பெறாதவர்கள் அவர்களின் தகப்பன்மார். அறுவடை முடிந்ததும் கூலிவேலைக்கு வந்து, 1964 ஒலிம்பிக் அரங்குகளையும் நெடுஞ்சாலைகளையும் கட்டியவர்கள். அதிவேகப் பாதை 1985 இல் உவெனோவுக்கு வந்து, 1991 இல் டோக்கியோ மத்திய நிலையம் வரை நீண்டபோது வாசல் வெறும் வழியாயிற்று. அதே ஆண்டுகளிற் பொருளாதாரம் சரிந்தது. வேலையும் ஊரும் இழந்த முதியோர் பூங்காவில் நீலப் படங்குகளால் குடிசைகள் அமைத்தனர்.

கொரிய வம்சாவளியினரான எழுத்தாளர் யூ மிரி 2014 இல் வெளியிட்ட நாவல், ஃபுகுஷிமாவிலிருந்து வந்து இப்பூங்காவில் ஒதுங்கிய கூலியாள் ஒருவனின் கதை. சக்கரவர்த்தி அக்கிஹித்தோ பிறந்த 1933 ஆம் ஆண்டிலேயே அவனும் பிறக்கிறான். அவ்வூரின் அணுமின் நிலையம் எரியூட்டிய விளக்குகள் தலைநகரின் விளக்குகள். 2011 இல் வீடிழந்தோர் ஃபுகுஷிமா மக்கள். குன்றிலுள்ள அருங்காட்சியகங்களுக்கு அரச குடும்பத்தார் வரும் நாட்களில், கொடையாகப் பெற்ற அப்பூங்காவிலிருந்து குடிசைவாசிகள் முன்னறிவித்தலுடன் அகற்றப்பட்டனர். மழை பெய்தாலும் படங்கைக் கழற்றி, மூட்டை கட்டி, ஊர்வலம் கடந்து செல்லும்வரை அப்பால் நிற்கவேண்டும். அவர்கள் தம்முள் இதற்கு வைத்திருந்த பெயர் 'மலை வேட்டை'.